எட்டு நாள் அழாதவள்

மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு செண்பகவல்லியின் நினைவுகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. தூங்கி எழுந்தால் எல்லாம் மறந்துவிடும் என்பதால், தினமும் காலையில் அவற்றை அவளுக்குள் ஏற்றுவது கணவர் தணிகாசலத்தின் வேலை. ஒருநாள் சிஸ்டம் அப்டேட் வந்தது. அதன்பின் டிஸ்க் திறக்கவே இல்லை.

பழுதுபார்க்கும் மெர்லின் எட்டு நாள் போராடி எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். தணிகாசலம் வாங்க வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“சார், சரிபார்க்கும்போது பார்த்தேன். இறந்துபோன உங்க பொண்ணை நினைச்சு அம்மா தினமும் காலைல அழுதிருக்காங்க. பொண்ணு சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துடலாம். அழ மாட்டாங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இந்த எட்டு நாளா அவ அழலம்மா. என்னைப் பார்த்து நீங்க யாருன்னு கேக்கறா. ஆனா நல்லா சாப்பிடறா, சிரிக்கிறா.”

“அப்ப எடுத்துடட்டுமா?”

அவர் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

“வேண்டாம். அவளுக்கும் சேர்த்து நான் ஒருத்தனே அழுதுட்டிருக்கேன். என்னால முடியல. அப்படியே குடுங்க.”

மெர்லின் டிஸ்க்கைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பிறகும் அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.