மேல்மாடி இருமல்

"ஆண்டவரே, அந்த மேல்மாடி இருமல் சத்தத்தை அடக்கும்! என் நிம்மதியே போச்சு!"

கீழ்வீட்டு டீச்சர் ஜெபித்தால் கூரை பிய்ந்துவிடும். மறுநாளே மாடி கப்சிப். அந்த வாரம் முழுக்க டீச்சருக்கு நல்ல தூக்கம்.

சபையில் சாட்சி சொன்ன கையோடு மாடியேறினார்.

"பாத்தீங்களாம்மா? நான் பண்ண ஜெபத்துல உங்க வீட்டுக்காரர் இருமல் பறந்துடுச்சு!"

"எங்க டீச்சர்? முன்னைவிட ஜாஸ்திதான்."

"பின்ன சத்தமே கேக்கலையே?"

மேல்வீட்டம்மா உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினார். அவர் கணவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க இருமிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஜெபம் பண்ணது இவர் காதுல விழுந்துடுச்சு. உங்க நிம்மதி போகக்கூடாதாம். அன்னிலேருந்து இப்படித்தான் இருமறார், டீச்சர்."