மூத்தவர் பங்கு

“ஒங்க வூட்டுப் பழைய பாகப்பத்திரத்த நான் பாக்கணும் சார்,” என்கிறாள் ஞானசுந்தரி. பண்ணை வீட்டில் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லி வளர்த்த அப்பா ஏசுதாஸ், வாசலுக்கு வெளியே வெறுங்காலோடு நிற்கிறார். “பி.ஏ. படிச்சதும் பங்கு கேக்க வந்துட்டியா?” என்று சிரித்துக்கொண்டே பண்ணைக்காரர் ராஜாராம் பெட்டியைத் திறக்கிறார். “பங்கு வாணாம். எங்க முப்பாட்டன் பேர எங்க வூட்டுல யாரும் எழுதி வெக்கல. இதுலதான் கீதாம்.” கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் சதுர வெயிலில், பூச்சி அரித்த தாள் விரிகிறது. 1841. அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட சொத்துகளின் மேல் அவள் விரல் மெல்ல நகர்கிறது. கலப்பை நாலு. மயிலைக்காளை ஒன்று. கொம்பு மழுங்கிய செவலை ஒன்று. ஆள் குளத்தான், மூத்தவர் பங்கு. அவன் பெண்சாதி, இளையவர் பங்கு. மாட்டுக்கு நிறம் எழுதியவர்கள் அவளுக்குப் பெயர் எழுதவில்லை. “இன்னாம்மா எழுதிக்கீது?” என்கிறார் அப்பா. “பாத்தாச்சில்ல? ஏசுதாசு, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு,” என்கிறார் ராஜாராம். ஞானசுந்தரி தாளை மடித்து வைத்துவிட்டுப் படியிறங்குகிறாள். “நைனா, கொட்டாயில கீற ஒன் துண்ட எடுத்துக்கினு வா. நாளைலேந்து இங்க வேல வாணாம்.” திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.