குடையின் இடப்பக்கம்

கருப்பன் காய்ச்சலில் செத்த பிறகு, குடை பிடிக்கும் வேலைக்கு அவன் மனைவி அம்மாக்கண்ணுவை வைத்துக்கொண்டோம்.

எண்பத்து நான்கில் ஜவ்வாது மலையில் எங்களுக்கு அளவை வேலை. செயற்கைக்கோள் ஏரியல் ஓர் இடத்தின் உயரத்தைச் சொல்லும். அங்கே பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை ஈர்ப்புமானி சொல்லும். இரண்டையும் சேர்த்தால்தான், கடல் இந்த மலைக்கு அடியிலும் பரவியிருந்தால் அதன் மட்டம் எங்கே நிற்கும் என்று கணக்கிட முடியும்.

ஈர்ப்புமானிப் பெட்டியின் மேல் வெயில் படக்கூடாது. அதற்குத்தான் குடை. பக்கத்தில் ஆள் நின்றாலும் மண் அழுந்திப் பெட்டி சாயும், மட்டம் காட்டும் குமிழி எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும். கருப்பன் எத்தனை சொன்னாலும் கேட்காமல் என் இடப்பக்கம் ஒட்டியே நிற்பான். அம்மாக்கண்ணு அப்படியில்லை. எட்ட ஒரு பாறைமேல் நின்று குடையை நீட்டிப் பிடித்தாள்.

நெல்லிவாசலில் மூன்று தரம் மட்டம் வைத்தேன். மூன்று தரமும் குமிழி வலப்பக்கம் ஓடியது. இடப்பக்கம் ஆள் நின்றால்தான் அப்படி ஓடும்.

அலுத்துப்போய், பழைய வழக்கத்தில், "கருப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றேன்.

குமிழி நடுவுக்கு வந்து நின்றது. அளவைப் படித்துக் குறித்துக்கொண்டேன்.

அம்மாக்கண்ணு கேட்டாள். "எந்தாண்ட நிக்கிறாருங்க?"

மோவாயால் இடப்பக்கம் காட்டினேன்.

அவள் குடையை மெல்ல அந்தப் பக்கம் சாய்த்தாள். வெறும் மண்மேல் நிழல் விழுந்தது. பெட்டி வெயிலில் காய்ந்தது.