நோராவின் பங்கு

பருப்புப் பானையில் உப்புப் போடப் போனேன். அதற்குமுன் வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்துச் சின்னச் சட்டியில் ஊற்றினேன். ஊற்றிய கை அப்படியே நின்றது.

இந்தச் சட்டி யாருக்கு?

சிஸ்டர் நோராவுக்கு. உடம்பில் நீர் கட்டுகிறது, உப்பே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நாலு வருஷமாக அவளுக்கு மட்டும் தனியாக எடுத்துவைக்கிறேன்.

நோரா செத்து இன்றோடு முப்பது நாள்.

"அடிப்பாவி லூயிசா" என்று வாய்விட்டே என்னைத் திட்டிக்கொண்டேன். சமையலறையில் பேசக்கூடாது. போகட்டும்.

எங்கள் மடத்தில் ஒருத்தி இறந்தால் முப்பது நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள் இடத்தில் யாரும் உட்கார மாட்டோம். அங்கே ஒரு சின்னச் சிலுவையை வைத்து, உயிரோடு இருக்கிறவளுக்குப் போலவே தட்டில் பரிமாறுவோம். சாப்பாடு முடிந்ததும் அந்தத் தட்டு வாசலுக்கு, ஓர் ஏழைக்குப் போகும். புனிதர் ஆசீர்வாதப்பர் தொடங்கிய எங்கள் சபையில் இது பழைய வழக்கம்.

நோராவின் பங்கைச் சாப்பிடுகிறவர் ஏகாம்பரம். லஸ் முனையில் கைரிக்‌ஷா இழுக்கிறவர். வெயிலில் ஓடி வேர்த்துக் கொட்டுகிற மனுஷன்.

அந்த மனுஷனுக்கு இருபத்தொன்பது நாள் உப்பில்லாச் சோறு போட்டிருக்கிறேன்!

அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தட்டைக் கழுவித் திருப்பித் தருகிறார் என்று வாசலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ஃப்ளோரன்ஸ் மெச்சிக்கொள்வாள்.

நோராவும் கேட்டதில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே ஒரு தரம், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துக் காட்டினாள்.

சாப்பிடும்போது நாங்கள் பேசுவதில்லை. ஒருத்தி புத்தகம் வாசிப்பாள். மற்றவர்கள் வேண்டியதைச் சைகையில் கேட்போம். விரலைத் தேய்த்தால் உப்பு.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் பேச்சுக்காகத் திருப்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். அன்று காலைச் செபத்தில் நான் சங்கீதத்தைத் தப்பான சுதியில் எடுத்தபோது அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு. இவ்வளவு வயசாகியும் புத்தி மட்டும் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். திங்கட்கிழமை விடியலில் அவளுக்காகச் சாவு மணி அடித்தார்கள்.

அன்றிலிருந்து நான் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றுதான். நோரா என்னை மன்னித்தாளா? சுவரோடு பேசிய மாதிரிதான் இருந்தது. இன்று சாப்பாடு முடிந்தால் மேசையிலிருந்து சிலுவையையும் எடுத்துவிடுவார்கள்.

சின்னச் சட்டியில் உப்பைப் போட்டேன். நாலு வருஷமாகப் போடாத சட்டி. ஒரு சிட்டிகைக்கு மேல் போடத் துணியவில்லை.

இன்று ஆசீர்வாதப்பர் திருநாள். நோன்பிருக்கும் தபசு காலத்து நடுவிலும் எங்களுக்குப் பெரிய நாள். ரேஷன் அரிசியை மிச்சம் பிடித்துப் பாயசம் வைத்திருந்தேன். மேசையில் பேசவும் அனுமதி உண்டு என்பதால் ஒரே சிரிப்பும் கலகலப்புமாக இருந்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எல்லாரும் எழுந்ததும் நோராவின் தட்டை ஃப்ளோரன்ஸ் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நானே வாசலுக்குப் போனேன்.

ஏகாம்பரம் பூவரச மரத்தடியில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"நோராம்மா" என்று முணுமுணுத்தார். பேரை ஃப்ளோரன்ஸ் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம்தான் சோற்றில் கை வைத்தார்.

ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அதை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் கவளத்தை வாயில் வைத்தவர் மெல்லாமல் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக விழுங்கினார்.

"இன்னாம்மா, இன்னிக்கி உப்பு கீது? சாவு சோத்துல உப்பு போட மாட்டாங்கன்னுட்டு நானும் ஒண்ணும் கேக்காம, அவங்களுக்கோசரம் துன்னுக்கினு இருந்தேன். அப்ப நோராம்மா நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்களா?"

ஒரு மாசமாக நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உள்ளே அழுதேன். இந்த மனுஷன் வாசலில் உட்கார்ந்து, அவள் நாலு வருஷம் தின்ற அதே சோற்றை, அவள் பேரைச் சொல்லித் தின்றிருக்கிறார்.

வாசலுக்கு வருகிறவரைக் கிறிஸ்து நாதராகவே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எங்கள் சட்டப் புத்தகத்திலிருந்து வருஷத்துக்கு மூன்று தரம் வாசிப்பார்கள். ஒவ்வொரு தரமும் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டவள் நான்.

"தெரியலையே ஐயா" என்றேன். அதுதான் உண்மை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, இன்னொரு கவளத்தைப் பெரிதாக உருட்டிப் போட்டுக்கொண்டார். மென்றார். வாய் நிறையச் சோறு. பேச முடியவில்லை.

என்னைப் பார்த்துச் சிரித்தபடி இடது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துக் காட்டினார்.

பயந்து பயந்து போட்டதில் உப்புக் குறைந்திருந்தது.

மடத்துக்குள் யாரும் ஓடக்கூடாது. நான் அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, உப்புச் சாடியை எடுத்துவர ஓடினேன்.