அடுக்களைக்கு ஒரு இன்டர்வியூ

"ரசம் எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

"ஒரு மணிக்கூர் கொதிச்சா நல்லா இருக்கும், சார்."

அடுக்களை வாசல்ல நின்ன எனக்குத் தலை சுத்திப் போச்சு. ரசம் நுரைச்சு வந்ததும் இறக்கணும்னு பச்சப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!

சாய்வு நாற்காலியில இருந்த எங்க வீட்டுக்காரர் சிவதாணு முகத்துல ஒரு அசைவும் இல்லை.

"அவியலுக்கு என்ன காய் போடுவே?"

"வெண்டைக்கா, பாவக்கா... கிடைக்கிறதெல்லாம் போடலாம், சார்."

"போதும். உனக்கு வேலை உண்டு. இன்னைக்கே சேர்ந்துக்கோ."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கூடவே ஒரு நினைப்பும் வந்தது. இந்த லட்சணத்துலதானா இந்த மனுஷன் தலை நரைக்கிற வரைக்கும் திருவனந்தபுரத்துல யூனிவர்சிட்டிக்கு ஆள் எடுத்தாரு? ஐயோ பாவம், யூனிவர்சிட்டி!

பென்ஷன் வாங்கி வந்ததிலேருந்து தனுவச்சபுரத்து வீடே இவருக்கு ஆபீஸாக்கும். தேங்காய் வெட்ட வந்த வேலாயுதன் பாதி மரம் ஏறினப்புறம், கீழே நின்னு முன் அனுபவம் கேட்டாரு. பால்காரி விஜயம்மாகிட்ட, "பழைய வீட்டுக்குப் பால் ஊத்துறதை ஏன் நிறுத்தினே?"ன்னு விசாரணை. "மாடு வத்திப் போச்சு சார், அதுகிட்ட கேளுங்க"ன்னுட்டுப் போயிட்டா அவ.

சாப்பிட உட்கார்ந்தா சர்வீஸ் கதைதான். "ஆளை எடுக்கிறது விளையாட்டில்லை, சரசு. ஒருத்தனோட தலையெழுத்தைக் கையில வாங்குறோம்னு பயம் வேணும். அந்தப் பயம் போச்சுன்னா அன்னைக்கே கசேரையை விட்டு எழும்பிரணும்"பாரு. நான் மோரை ஊத்துவேன்.

சமையலுக்கு வந்தவன் பேரு கிருஷ்ணன்குட்டின்னு இவர்கிட்ட சொன்னது நான்தான். நிஜப் பேரு யோசுவா. கடப்புறத்துல மீன் பிடிக்கிறவன், என் பள்ளிக்கூடக் கூட்டுக்காரி ரோசாவோட மகன். எங்க அம்மை உயிரோட இருந்திருந்தா தீட்டுன்னு அடுக்களையை மூணு தடவை மெழுகியிருப்பா.

எங்க தாலுகாவையும் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு பாறசாலையில பஸ்ஸை மறிச்சாங்கல்லா, அந்தக் கூட்டத்துல இவன் முன்னால நின்னிருக்கான். போலீஸ் தேடுது. "பிடிச்சா அடிச்சே கொன்னுருவானுவ சரசு, என் பிள்ளையைக் காப்பாத்து"ன்னு ரோசா என் கையைப் பிடிச்சு அழுதா. எனக்கும் அழுகை வந்துட்டு.

இவர்கிட்ட நிஜத்தைச் சொல்ல முடியுமா? என் சொந்த அண்ணன் மகனை, வயசு ஒரு மாசம் கூடுதலுன்னு வேலை கொடுக்காம திருப்பி அனுப்பின மனுஷன். ஒரு பொய் சொன்னா நாக்கு வெந்து போகும்னு நினைக்கிறவரு. போலீஸ் வந்து கேட்டா, "ஆமா, உள்ளதான் இருக்கான்"ன்னு கூப்பிட்டும் விடுவாரு.

அன்னையிலேருந்து எங்க வாய்க்கு வந்த கஷ்டகாலத்தை என்னன்னு சொல்ல! சோறு ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் அரிசி. நான் கரண்டியைத் தொட்டா, "வேலைக்கு ஆளை எடுத்தா அவனை வேலை செய்ய விடணும்"னு தடுத்துருவாரு. போட்டதை ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டாரு. இவரு நாக்கும் பென்ஷன் வாங்கிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், ரெண்டு போலீஸோட இன்ஸ்பெக்டர் வந்து நின்னாரு.

"சாரே, யோசுவான்னு ஒருத்தன். பஸ் மறிச்ச கேஸ். இந்தப் பக்கம் வந்ததாட்டு கேள்வி."

"இங்க புதுசா வந்தது எங்க சமையல்காரன் ஒருத்தன்தான்"ன்னு சொன்னவரு, உள்ளே பார்த்து, "கிருஷ்ணன்குட்டீ, இங்க வா!"ன்னாரு.

கூப்பிட்டே விட்டுட்டாரு! நான் கதவைப் பிடிச்சுக்கிட்டேன். யோசுவா கரண்டியும் கையுமா வந்து நின்னான்.

இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தாரு. "இவன் சமையல்காரனா?"

"சந்தேகமா இருந்தா சாப்பிட்டுப் பாருங்க. சரசு, இலை போடு."

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அந்தச் சாம்பாரை ஒரு வாய் வச்சாப் போதுமே, வேற சாட்சியே வேண்டாமே!

ஒரு வாய்தான் வச்சாரு. முகம் கோணிப் போச்சு.

"சாரே... இவன் இதுக்கு முன்ன எங்க சமைச்சான்?"

"காலேஜ் ஹாஸ்டல்ல."

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அப்படிச் சொல்லுங்க! நானும் ஹாஸ்டல்ல கிடந்து படிச்சவனாக்கும். இதே சாம்பார், சாரே! இதே சாம்பார்!"

கையைக் கழுவிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

எனக்கு யோசுவாவை நினைச்சுப் பெருமையா இருந்தது. அவன்கிட்ட போய், "மக்கா, ஹாஸ்டல்னு நல்ல புளுகா இவர்கிட்ட சொல்லி வச்சிருக்கியே!"ன்னு மெதுவாச் சொன்னேன்.

"நான் ஒண்ணும் சொல்லல்லியே, மாமி"ன்னு முழிச்சான் அவன்.

திரும்பிப் பார்த்தேன். இவரு ஒண்ணும் நடக்காத மாதிரி விசிறியை வீசிக்கிட்டிருந்தாரு.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் பேரு இன்னைக்குத்தான் தெரியும். ஒளிஞ்சிருக்க வந்தவன்னு சேர்க்கும்போதே தெரியும்."

"எப்படி?"

"எட்டி சரசு, கேள்வியெல்லாம் அவன்கிட்டதான் கேட்டேன். பதிலை வாசல்ல நின்ன உன் முகத்துலயாக்கும் பார்த்தேன்."