ஜெரூஷா வரைந்த படம்

எவ்வளவு சொல்லியும் பொன்னுசாமி நாற்காலியில் உட்காரவில்லை. கதவோரமே நின்றார்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. பழுதான நாற்பது பாகங்களும் அவர் செய்தவை என்று எங்கள் மென்பொருள் காட்டியது. ஐந்து நாள் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

உண்மையில் அன்று அவர் மெஷினைத் தொட்டதே பத்து நிமிடம்தான். முந்தைய ஷிப்ட் ஆள் பாதியில் விட்ட வேலையை முடித்துவைத்தார். முடித்தவர் பெயரில் எல்லாம் ஏறிவிட்டது.

அது எப்படி என்று கேட்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரு வேலைக்கு ஒரே ஆள் என்று எழுதியிருந்தோம். நடுவில் ஷிப்ட் மாறும் என்று எங்களுக்குத் தெரியாது.

தெரியாது என்பது பொய்.

இரண்டு மாதம் முன்பு, தாம்பரம் ஆபீஸ் போர்டில், ஜெரூஷா இதைத்தான் வரைந்திருந்தாள். 'வேலை' என்று ஒரு கட்டம். 'ஆள்' என்று இரண்டு கட்டம். நடுவே பெரிய கேள்விக்குறி. வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம் ஆன பெண்.

"நம்மளது அஜைல் டீம்மா. படம் போட்டுட்டு உக்காந்தா ஸ்பிரிண்ட எப்ப முடிக்கிறது?" என்றேன், டீம் லீடரான நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. நானே டஸ்டரை எடுத்து அழித்தேன். அஜைல் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதையாவது ஓடவைத்துக் காட்டவேண்டும், படத்தை யார் கேட்டார்கள்?

இப்போது தொழிற்சாலை சூப்பர்வைசர் லாசரஸ் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், இத்தினி பேர் கீறீங்க, ஒருத்தருக்குக்கூடவா இது தோணல?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும்.

"இல்ல சார், யாருக்குமே தோணல" என்றாள், பக்கத்தில் இருந்த ஜெரூஷா.

"வுடு சார், தெரியாம நடந்ததுதானே" என்று பொன்னுசாமியே எனக்காகப் பேசினார். கூனிக் குறுகிப்போனேன்.

வெளியே ஜிஎஸ்டி சாலையில் காருக்காக நின்றோம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இந்தச் சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், என் ப்ரொபேஷன் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. வேலையை நிரந்தரம் பண்ற ஃபார்ம்ல நீங்கதான் கையெழுத்துப் போடணும்."