காபியும் கத்தியும்

வந்து பாருங்கள், பெரியோர்களே. பட்டப்பகலில், நூறு பேர் சூழ நிற்க, ஓர் இனத்தின் மானத்தில் கத்தி இறங்குகிறது.

கூடாரத்துக்குள் அவன் அமர்ந்திருந்தான். கூடாரம் நின்றது பூந்தமல்லிப் படப்பிடிப்புத் தளத்தில். பாலைவனம் லாரியில் வந்து இறங்கியிருந்தது.

ஏமனிலிருந்து சென்னைக்கு மருந்தியல் படிக்க வந்தவன். போர் மூண்டபின் ஊர் திரும்ப வழியில்லை. தமிழ்ப் படத்தில் முகம் தெரியப்போகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

காட்சி சிறியது. கதாநாயகனுக்கு அவன் காபி ஊற்றித் தர வேண்டும். நாயகன் ஒரு வாய் பருகியதும் அவர் நெஞ்சில் கத்தியை இறக்க வேண்டும்.

அவன் காபிக் குடுவையைக் கீழே வைத்தான்.

"சார், காபி வேணாம். கத்தி மட்டும் இருக்கட்டும். குத்துறேன்."

துணை இயக்குநர் மாசிலாமணி சிரித்தார். "கொலைக்கே கண்டிஷன் போடுறியா தம்பி?"

"எங்க ஊர்ல ஒருத்தர் நம்ம காபிய குடிச்சிட்டா, அவர் உயிருக்கு நாமதான் காவல். அம்மா பாப்பாங்க சார்."

"அரபுக்காரன்னா எப்படி இருப்பான்னு ஜனங்களுக்குத் தெரியும்பா. நீ புதுசா ஒண்ணும் சொல்லிக் குடுக்காத."

தெரியுமாம்! எந்த அரபு வீட்டில் கை நனைத்துத் தெரிந்துகொண்டார்கள்?

அவன் கேட்கவில்லை. கோபத்தைக் காட்டினால், அதுவும் காட்சிக்குப் பொருந்திவிடும்.

எழுந்தான்.

ஒருவரும் தடுக்கவில்லை. பல்லாவரத்துக்காரர் ஒருவருக்கு ஒட்டுத்தாடி தயாரானது.

"அந்த அங்கிய மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போப்பா. ஒரிஜினலா இருக்கு" என்றார் மாசிலாமணி.

பெருநாளுக்கு அம்மா தைத்து அனுப்பிய அங்கி.

அணிந்தபடியே வெளியே நடந்தான்.

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா அழைத்தாள். கைப்பேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டம் ஏறியது. படிக்கட்டு வரை ஆட்கள் தொங்கினார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி கம்பியைப் பற்றி நின்றாள். அங்கியைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். நின்றபடியே வந்தாள்.

அவன் இன்னும் சற்று ஒடுங்கி, சன்னலோடு ஒட்டிக்கொண்டான்.

பெரியோர்களே, அவனருகில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது.

போய் உட்காருங்கள்.